ரெண்டு சைஸ் மேலே

புது சைலன்சரைப் பழைய போர்வையில் சுற்றி, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிறவர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கணக்கு வாத்தியார் பட்டறைக்குள் வந்தார். அவள் அப்போதுதான் புருஷனுக்குக் காலை மாத்திரைகளைக் கொடுத்து முடித்து, வலது கடைவாயில் வழிந்த தண்ணீரைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்கு ஐம்பத்துநாலு வயது. இருபது வருஷமாக ஒரே பைக். பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரைச் சட்டைப்பை நோட்டில் குறித்துவைக்கிற ரகம். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இந்த வயதில் வண்டி கொஞ்சம் கம்பீரமாகச் சத்தம் போட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த கையோடு சந்தேகமும் வந்துவிட்டது.

"ஏம்மா, ஒரே ஒரு கேள்விதான். சைலன்சர மாத்தினா இன்ஜின மறுபடி ட்யூன் பண்ணணுமா, வேண்டாமா? ஒருத்தன் பண்ணியே ஆகணும், இல்லேன்னா பிஸ்டன் ஓட்டையாயிடும்ங்கிறான். இன்னொருத்தன் அதெல்லாம் சும்மா பயமுறுத்தறதுங்கிறான். மூணு நாளா படிச்சுப் படிச்சு என் மண்டை காய்ஞ்சு போச்சு."

"வண்டியக் கேட்டாத்தான் சார் தெரியும். மாட்டி ஸ்டார்ட் பண்ணுவோம். அவரு கேட்டுச் சொல்லுவாரு."

அவர் என்றால், மூலையில் சக்கர நாற்காலியில் இடுப்புக்கு பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கிற அவள் புருஷன், பட்டறை மாஸ்டர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே குழாயடியில் சாய்ந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு மொத்தமாகப் போயிற்று. இடது கை மட்டும் தப்பித்தது. டாக்டர் ஸ்கேன் படங்களையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காது கேக்குது. ஆனா கேக்கறது உள்ள போய் என்ன ஆகுதுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மாத்திரைகளுக்காகப் பன்னிரண்டு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கச் சொன்னார்கள். பட்டறையில் ஜெட் போட்டுவைக்கிற டப்பாவும் அதே கம்பெனி, அதே நிறம். குழப்பம் வரக்கூடாதென்று மாத்திரை டப்பாவில் சிவப்பு டேப் ஒட்டினாள்.

ஜெட் என்றால் பெரிய விஷயமில்லை. சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு பித்தளைத் துண்டு, நடுவில் ஊசி நுழையாத ஓட்டை. கார்புரேட்டருக்குள் உட்கார்ந்து எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்று தீர்மானிப்பது அந்த ஓட்டைதான். இன்ஜின் முன்பக்கம் காற்றை இழுக்கிறது, பின்பக்கம் சைலன்சர் வழியாக விடுகிறது. பின்பக்கக் கதவைத் திடீரென்று அகலமாகத் திறந்துவிட்டால் காற்று தாராளமாக ஓட ஆரம்பிக்கும். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வரும். வண்டி வறண்டுபோய் சூடேறும், ஆக்ஸிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிக்கும். அதற்குத்தான் ஒரு சைஸோ இரண்டு சைஸோ பெரிய ஜெட். சில வண்டிக்கு ஒன்றுமே வேண்டாம். எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைத்தான் மாஸ்டர் காதால் கேட்டுச் சொல்வார்.

சொல்வார் என்றால் வாயால் அல்ல, நன்றாக இருந்த காலத்திலும் வாயால் அல்ல. இன்ஜின் அலறும்போது பட்டறைக்குள் யார் பேச்சு யார் காதில் விழும்? அவர் வலது கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, இடது கையைப் பின்பக்கம் நீட்டுவார். ஒரு விரல் என்றால் ஒரு சைஸ் மேலே. இரண்டு விரல் என்றால் இரண்டு. மூடின கை என்றால் ஒன்றும் வேண்டாம், இருக்கிறதே போதும். அவள் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுப்பாள். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து பத்தொன்பது வருஷம் இதே கதைதான். கார்புரேட்டரைக் கழற்றுவதும் கழுவுவதும் ஜெட்டை மாற்றுவதும் அவள் கை. எத்தனை என்பது அவர் விரல். வீட்டில்கூட அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. எத்தனை தோசை என்று அவள் கேட்டால் அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலைக் காட்டுவார். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவள் கத்துவாள். அதற்கும் ஒரு விரலை உயர்த்தி, ஒன்றுதான் என்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் அவள் பட்டறையைத் திறக்கவில்லை. பிறகு, வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்க, அவரையும் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கினாள். அன்றைக்கு ஒரு கூரியர்காரர் வந்தார், வெறும் குழாய் மாதிரி ஒரு சைலன்சரை மாட்டிக்கொண்டு. இப்போது இதெல்லாம் செய்வதில்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் கூரியர்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கிவிட்டார். சத்தம் பட்டறையை உலுக்கியது. அவள் ஏனோ திரும்பிப் பார்த்தாள். நாற்காலியின் கைப்பிடி மேலிருந்து இடது கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நிமிர்ந்து நின்றன. ரெண்டு. அவள் இரண்டு சைஸ் மேலே போட்டாள். டெஸ்ட் ஓட்டி, இன்ஜினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் நுனி பால் குறைத்துப் போட்ட டீ நிறம். வறண்டால் வெள்ளை, பெட்ரோல் மிஞ்சினால் கறுப்பு, சரியாக இருந்தால் இந்த நிறம். அவள் அந்தப் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கடைசியாக அழுதது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எதற்கும் வரவில்லை.

பேச்சு போனாலும் மாஸ்டருக்குக் காது போகலை என்று ஊரெல்லாம் பரவியது. வண்டிகள் வந்தன, பெரும்பாலும் அதே மாதிரி வெறும் குழாய் சைலன்சரோடு. ஒவ்வொன்றுக்கும் அவர் விரலைக் காட்டினார், அவள் போட்டாள். நடுவில் நாலைந்து வண்டிக்குப் பிளக் கறுப்பாக வந்தது. தேய்ந்த வண்டி, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, நான்தான் விரலைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டு அவளே ஒரு சைஸைக் குறைத்துச் சரிபண்ணினாள். தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நாத்தனாரிடம் நிச்சயமாகச் சொல்லவில்லை.

நாத்தனார் அவருக்கு ஒரே தங்கை. வேறு ஊரில் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை. நல்லவள்தான், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிற நல்லவள். போன மாதம் வந்தவள், அண்ணன் முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணனுக்கு எதுவும் புரியற மாதிரி எனக்குத் தெரியல. எங்க ஆஸ்பத்திரி பக்கத்துலயே இந்த மாதிரி இருக்கறவங்கள வச்சுப் பாத்துக்கற இடம் இருக்கு. நான் தினமும் போய்ப் பாத்துக்குவேன். புரியாத மனுஷன இந்தப் புகையிலயும் சத்தத்துலயும் எதுக்கு உக்கார வச்சிருக்கீங்க?"

"புரியலையா? அவருதாம்மா இப்பவும் வண்டி ட்யூன் பண்றாரு. வந்து உன் கண்ணால பாரு."

"நிஜமாவா?" நாத்தனார் கூடத்தில் இருந்த அண்ணனை எட்டிப் பார்த்தாள். "அப்படீன்னா சரி. வேலை பாக்கறாருன்னா இங்கேயே இருக்கட்டும். அதவிட மருந்து எதுவும் இல்ல. அடுத்த மாசம் வந்து பாக்கறேன். பாத்துட்டேன்னா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

ஆக, விஷயம் அந்த இரண்டு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாத்தியார் வண்டிக்கு சைலன்சர் மாட்டியதும் மாஸ்டர் வழக்கம்போல இரண்டு காட்டினார். அவள் இரண்டு போட்டாள். அன்றைக்கு அவரைக் கை கால் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள், நேரமாகிவிட்டது. டெஸ்ட் ஓட்டவில்லை, பிளக் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் பிளக் பார்க்காமல் விட்ட வண்டி அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் வாத்தியார் நோட்டோடு வந்தார். "லிட்டருக்கு நாப்பத்திரண்டு குடுத்த வண்டிம்மா. இப்ப முப்பத்திமூணு. மேடு ஏறும்போது கிழவன் மாதிரி இருமுது. பின்னாடி வர்றவன் புகை கறுப்பா வருதுன்னு திட்டிட்டுப் போறான்." அவள் பிளக்கைக் கழற்றினாள். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. சைலன்சரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே தடுப்புக் குழாய் அப்படியே இருந்தது. இந்தத் தடுப்பு இருந்தால் காற்று அவ்வளவு தாராளமாகப் போகாது. இரண்டு சைஸ் இதற்கு அதிகம் என்று அவளுக்கே தெரியும். மாஸ்டருக்குத் தெரியாமல் போகுமா?

வாத்தியார் ஒன்றும் கோபமாக இல்லை. நாற்காலிப் பக்கம் பார்த்துச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளும்மா. அன்னைக்கு நீங்க உள்ள போயிருந்தப்ப, டீ சொல்லட்டுமா மாஸ்டர்னு கேட்டேன். ரெண்டுன்னாரு. சரி, மனுஷன் ஆசைப்படறாருன்னு ரெண்டு டீ வாங்கி வச்சேன். ஒண்ணைக் குடிச்சுட்டு இன்னொண்ணைத் திரும்பியே பாக்கல! அதையும் நான்தான் குடிச்சேன். மாஸ்டர், இப்படி வாங்கி வீணாக்கலாமான்னா, அதுக்கும் ரெண்டுங்கறாரு!"

அவளும் சிரித்தாள். வண்டியை விட்டுட்டுப் போங்க சார், சனிக்கிழமை வந்து எடுத்துக்கங்க என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஒரு ஸ்டூலை இழுத்து மாஸ்டர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். எந்த வண்டியும் ஓடவில்லை. பட்டறை அமைதியாக இருந்தது.

"எத்தனை?"

இடது கை எழுந்தது. ரெண்டு.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

ரெண்டு.

"பசிக்குதா?"

ரெண்டு.

அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். கேட்க வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் யாருங்க?"

அவர் அவளை நன்றாகத்தான் பார்த்தார். கண்ணில் தண்ணீர் மாதிரி ஏதோ பளபளத்தது, அது எட்டு மாதமாக எப்போதும் பளபளப்பதுதான். கை எழுந்தது. இரண்டு விரல் அவள் முகத்துக்கு நேராக நின்றன.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுவோம் என்று காத்திருந்தாள், அழுகை வரவில்லை. படுத்த வாக்கில் கை மரத்துப்போனால், அது தன் கைதான் என்று தெரியும், தொட்டால் மட்டும் தெரியாது. அப்படித்தான் உடம்பு முழுக்க இருந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது. எழுந்து, அவர் கையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் துடைத்தாள். இத்தனை மாதமாக இந்தப் பட்டறையில் வண்டி ட்யூன் பண்ணியது யார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கறுப்பாக வந்ததையெல்லாம் குறைத்தது யார், பிளக் பார்த்தது யார்? அவள்தான், தன்னந்தனியாக. மாஸ்டர் சொல்கிறார், நான் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்ததால் தனியாக இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறாள். வேலை தனக்கே கைவந்துவிட்டதே என்று பெருமைப்பட வேண்டிய இடம். யாருக்கு வேண்டும் அந்தப் பெருமை?

அன்று சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். "சனிக்கிழமை வரேன் அண்ணி. அண்ணன் வேலை பாக்கறதப் பாக்கணும்."

"வா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில், அவர் வீட்டில் தூங்கும்போது பக்கத்துக் கடைக்காரம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாத்தியார் வண்டியில் ஒரு சைஸைக் குறைத்தாள். பழைய ஜெட்டுக்கு ஒன்றே ஒன்று மேலே. ஜெட்டை உள்ளே திருகும்போது பழக்கதோஷத்தில் தலை பின்பக்கம் திரும்பியது. அந்த மூலை காலியாக இருந்தது. புது பிளக் மாட்டி, அவருடைய ஜாக்கெட்டைப் போட்டு, கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற நேர் ரோட்டுக்கு ஓட்டிப் போனாள். டாப் கியரில் முழுசாக முறுக்கினாள். காற்று கண்ணில் அறைந்தது. மின்கம்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஏழாவது கம்பத்தில், முழு வேகத்து நிறம் பிளக்கில் அப்படியே நிற்கட்டும் என்று, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்தாள். வண்டி சத்தமில்லாமல் உருண்டு உருண்டு தானாக நின்றது. சூட்டோடு பிளக்கைத் துணியில் பிடித்துக் கழற்றிப் பார்த்தாள். பால் குறைத்துப் போட்ட டீ. இதைவிடச் சரியாக யாராலும் செய்ய முடியாது. ரோட்டோரம் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு வாத்தியாரிடம் காட்ட அந்தப் பிளக்கைத் துணியில் சுற்றி வைத்து, பழையதைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை நாத்தனார் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். அண்ணனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள், நகத்தைப் பார்த்தாள், காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "நல்லா வச்சிருக்கீங்க அண்ணி" என்று சொல்லும்போதே அவள் குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியாது. பதினோரு மணிக்கு வாத்தியார் வந்தார். புகை போயிற்றா, இருமல் போயிற்றா என்று விசாரித்தார். அவள் துணியில் சுற்றி வைத்த பிளக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"அடேயப்பா, கலரைப் பாரு! எத்தனை ஏத்தினீங்க?"

"ஒண்ணு சார்."

"போன தடவை ரெண்டுன்னு சொன்னாரே மாஸ்டர்?"

வாத்தியாரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன், விடை மாறினால் கேட்கத்தான் செய்வார். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். "ஸ்டார்ட்ல வச்சே கேப்போம்மா. மாஸ்டர் கையால ஒண்ணுன்னு சொல்லிட்டாருன்னா நான் நிம்மதியா வீட்டுக்குப் போவேன்." நாத்தனார் அதற்குள் நாற்காலி பக்கம் வந்து மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். சின்னப் பெண் மாதிரி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அண்ணா, எத்தனைண்ணா?" என்றாள்.

அண்ணிக்காரிக்கு நன்றாகத் தெரியும். இந்த மனுஷனைத் தங்கையோடு அனுப்பிவிடுவதில் தவறில்லை. அங்கே புகை இல்லை, சத்தம் இல்லை, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. இங்கே வைத்திருப்பது அவருக்காகவா, தனக்காகவா? ஜெட்டைத் திருகிவிட்டுத் திரும்பினால் அந்த மூலையில் அவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தெரிந்தது.

"இருங்க, கை ஒரே எண்ணெயா இருக்கு" என்று அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு போனாள். இடது கை கைப்பிடியிலிருந்து எழ ஆரம்பித்திருந்தது. துணியோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்தாள். துடைப்பது போலத் துடைத்து, நடுவிரலை மடக்கித் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். துணி அதை மறைத்தது. ஆள்காட்டி விரல் மட்டும் வெளியே நிமிர்ந்து நின்றது.

ஒண்ணு.

வாத்தியார் சத்தமாகச் சிரித்து, வண்டியை இரண்டு முறை முறுக்கினார். "அப்படிப் போடுங்க மாஸ்டர்! ட்யூனிங் வேணுமா வேண்டாமான்னு இனிமே எவனாவது கேக்கட்டும், நேரா இங்க அனுப்பறேன்!" கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். சத்தம் சுத்தமாக, ஒரு வெடிப்பு இல்லாமல், தெருமுனை தாண்டித் தேய்ந்தது. நாத்தனார் அண்ணனின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"புரியுது அண்ணி, அண்ணனுக்குப் புரியுது. நான்தான் பாவி, ஏதேதோ பேசிட்டேன். இங்கேயே இருக்கட்டும். நான் இனிமே எதுவும் சொல்ல மாட்டேன்."

"அழாதம்மா" என்றாள். அப்படி அழ முடிகிறதே என்று பொறாமையாக இருந்தது. ஆரஞ்சுப் பை சரிந்து ஒரு பழம் எண்ணெய்த் தரையில் உருண்டு ஜெட் டப்பா வைத்த மேஜைக்கு அடியில் போய் நின்றது. யாரும் எடுக்கவில்லை.

அவள் அவர் கையை இன்னும் விடவில்லை. விடத்தான் நினைத்தாள். அப்போது உள்ளங்கைக்குள் அந்த விரல் அசைந்தது. மெல்ல எழும்பி அவள் கையைத் தள்ளியது. அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வண்டி போன வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தளர்ந்தது. மறுபடி ஒருமுறை எழும்பித் தள்ளியது. பிறகு நின்றது. இதுவும் ரெண்டுதான். நாத்தனாரின் அழுகைச் சத்தத்துக்கு நடுவே, துணிக்குள் கையை இறுக்கிக்கொண்டு, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு, அவள் மூன்றாவது தடவைக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.